லினக்ஸ் பயனாளி இருளப்பசாமி எழுதிக்கொண்டது

ராஜபாளையம்,
ஐப்பசி மாதக் கடைசித் திங்கட்கிழமை, காலை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் சேதுபதி அவர்களுக்கு,

தங்கள் தங்கை முனீஸ்வரியின் கணவனாகிய இருளப்பசாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நாங்கள் இருவரும் சுகமாக இருக்கிறோம். ஓசூரில் தாங்களும், அக்காவும், மருமகன் ராம்குமார் குடும்பத்தாரும் சுகமாக இருப்பீர்கள். இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்த பிறகும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று அய்யனாரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். காலை மாத்திரை இன்னும் போடவில்லை என்றால் தயவுசெய்து எழுந்து போய்ப் போட்டுவிட்டு வந்து தொடரவும். நான் காத்திருக்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் சொல்ல நான்கு தடவை முயன்றேன். தாங்கள் முப்பத்து நான்கு வருடம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். எதிராளி வாயைத் திறந்ததுமே "எங்க எறங்கணும்?" என்று கேட்டுப் பழகியவர். நான் இறங்க வேண்டிய இடமோ ரொம்பத் தள்ளி இருக்கிறது. நான்கு தடவையும் பாதியிலேயே இறக்கிவிடப்பட்டு, அக்காவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனை வைத்தேன். ஆகவேதான் கடிதம்.

விஷயத்திற்கு வருகிறேன். ஆடி மாதம் மில்லில் இருந்து ஓய்வு பெற்றேன் என்பது தாங்கள் அறிந்ததே. முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தவன். வீட்டோடு தங்கிய மூன்றாம் நாள் அடுப்படியில் இருந்த டப்பாக்களுக்கெல்லாம் எண் போட்டேன். ஐந்தாம் நாள், மிளகாய்த்தூள் எடுப்பதற்கு முன் ஒரு சீட்டு எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினால் ஒழுங்காக இருக்கும் என்று தங்கள் தங்கையிடம் யோசனை சொன்னேன். அன்று குழம்பில் காரமே இல்லை. கேட்டதற்கு, "கையெழுத்துப் போட ஆளக் காணும், தூங்கிட்டிருந்தீய" என்றாள். அதன் பிறகு தினமும் காப்பி கொடுக்கும்போதே, "எங்கிட்டாவது போயிட்டு வாங்க, சாயங்காலமா வந்தாப் போதும்" என்று சொல்ல ஆரம்பித்தாள். எங்கே போவது என்று அவளும் சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவேன். தேர் நிற்கிற இடத்தில் செத்த நேரம் நிற்பேன். தேரும் நின்றுகொண்டிருக்கும். திரும்பி வருவேன்.

அப்படிப் போன ஒருநாள் அங்கே ஒரு ஜெராக்ஸ் கடைச் சுவரில் நோட்டீஸ் ஒன்றைப் பார்த்தேன். 'ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் லினக்ஸ் பயனர் குழு. உறுப்பினர் அறிமுகக் கூட்டம். ஞாயிறு காலை பத்து மணி, மாடியில். முற்றிலும் இலவசம். அனைவரும் வருக.' மச்சான், தாங்களே சொல்லுங்கள். பயனர், குழு, இலவசம் ஆகிய மூன்று சொற்களும் ஒரே தாளில் இருந்தால் அது அரசாங்கத் திட்டமாக இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? பயனாளி என்பதைத்தான் அச்சுப் பிழையாகப் பயனர் என்று போட்டுவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். லினக்ஸ் என்பது மிக்ஸியா, ஃபேனா, மூட்டுவலித் தைலமா என்பது மட்டும் பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்வது என்று, ரேஷன் கார்டு, ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, இவற்றோடு ஒரு மிக்ஸி கொள்ளும் அளவுக்கு வயர் கூடையும் எடுத்துக்கொண்டு, சலவை வேட்டி சட்டையில் ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே போய் முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பத்து மணிக்கு ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவர் கையிலும் ரேஷன் கார்டு இல்லை. எல்லோர் மடியிலும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கூட்டத்தை நடத்தியது சிவரஞ்சனி என்ற அம்மா. கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். லினக்ஸ் என்பது கம்ப்யூட்டரை ஓட்டுகிற அமைப்பு என்றும், அது யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னார். எனக்கு மயக்கமாக வந்தது. முப்பத்தொரு வருடம் ஸ்டோர்ஸில், ஒரு நட்டு போல்ட்டைக்கூட யாரும் எடுக்கக்கூடாது, திருத்தக்கூடாது, அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது என்று காவல் காத்தவன் நான். எழுந்து போய்விடலாம் என்று கூடையை எடுத்தேன். அதற்குள், "எல்லாரும் ஒங்க பேரு, ஊரு, என்ன லினக்ஸ், எத்தன வருஷமாப் பயன்படுத்துறீங்க, இத மட்டும் சொல்லி அறிமுகம் பண்ணிக்கோங்க" என்று சிவரஞ்சனி சொல்லிவிட்டார்.

கடைசி நாற்காலியில் இருந்து ஆரம்பித்தார்கள். எட்வின் என்பவர் எழுந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக் செட் வைத்திருப்பதாகவும், எட்டு வருடமாக உபுண்டு என்றும் சொன்னார். அது லினக்ஸில் ஒரு வகை என்று பின்னால்தான் தெரிந்தது; எனக்கு உப்புண்டு என்று கேட்டது. மைக் செட்டுக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தேன். அடுத்து அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் பிச்சை முகம்மது. "ஆறு வருசமா மின்ட்டு. ஊருல உள்ள பென்டிரைவ் எல்லாம் என் கடைக்கு வரும், வைரஸும் கூடவே வரும், அதான் மாறுனேன்" என்றார். அதற்கடுத்து ஆனந்தவல்லி அம்மா. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ராஜபாளையம்தான், கழுத்தில் கண்ணாடிச் சரடு. "டெபியன். பதினோரு வருஷம். மவுசத் தொடவே மாட்டேன். எல்லாமே கட்டளைதான்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் கட்டளை போடுகிறவர் போலிருக்கிறது என்று நினைத்து, அவருடைய வீட்டுக்காரருக்காக மனதுக்குள் வருத்தப்பட்டேன்.

பிறகு எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான், இந்த இடத்தில் தாங்கள் என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். மில்லில் இருந்தவரை, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருக்கும் ஆட்கள் தினமும் ஜன்னலில் நிற்பார்கள். நான் சொல்லப்போவது 'ஸ்டாக் இல்லை' என்பதுதான். ஆனாலும் காத்திருப்பார்கள். ஓய்வு பெற்ற இரண்டு மாதத்தில் ஒரு முகம்கூட அப்படி என்னைப் பார்க்கவில்லை. அந்த மாடியில் எட்டு முகம் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். "பேரு இருளப்பசாமி. ராஜபாளையம்" என்றேன். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். "ஆச்சு, ஒரு பதினாலு வருஷம்" என்று வாய் தானாகச் சொன்னது. ஏன் பதினாலு என்று எனக்கே தெரியாது. ஆனந்தவல்லி அம்மாவின் பதினொன்றைத் தாண்ட வேண்டும் என்று உள்ளே யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

"என்ன லினக்ஸ் ஐயா?" என்றார் சிவரஞ்சனி.

உப்பா, மின்ட்டா என்று எனக்குக் குழப்பம். பொதுவாகச் சொல்லித் தப்பிக்கலாம் என்று, "எல்லாத்தையும் பாத்தாச்சும்மா. இப்ப ஒண்ணும் இல்லாமத்தான் ஓடுது" என்றேன்.

எட்வின் மெதுவாக, "ஒண்ணும் இல்லாமன்னா, அடியில இருந்து நீங்களே கட்டுனதா அண்ணாச்சி?" என்று கேட்டார். கட்டியது என்றதும் எனக்கு நம் வீடுதான் ஞாபகம் வந்தது. "ஆமா. அஸ்திவாரத்துல இருந்து நான்தான் கூடவே நின்னு பாத்தேன். யாரையும் நம்பல" என்றேன். அது உண்மை, மச்சான். கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் லினக்ஸ்காரர்களில் லட்சத்தில் ஒருவர்தான் அப்படி ஒவ்வொரு துண்டாகச் சேர்த்து மொத்த அமைப்பையும் தானே கட்டுவாராம். அந்த லட்சத்தில் ஒருவர் வயர் கூடையோடு முதல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். பிச்சை முகம்மது கீழே இறங்கிப்போய் டீ வாங்கி வந்து முதல் டம்ளரை எனக்குக் கொடுத்தார். கைதட்டி என்னைக் குழுவின் ஆலோசகராக ஆக்கினார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். காலிக் கூடையோடு வீட்டுக்கு வந்தேன். "இலவசமா என்ன குடுத்தாவ?" என்றாள் முனீஸ்வரி. "பதவி" என்றேன்.

என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. ஆனால் அலமாரியில் தங்களுடையது இருந்தது. புரட்டாசி முதல் வாரம் தாங்கள் வந்து ஐந்து நாள் தங்கியிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும்போது, "மாப்ள, இது இங்கயே கெடக்கட்டும்" என்று வைத்துவிட்டுப் போனது. செவ்வாய்க்கிழமை பகலில் அதை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். எதற்கும் கையில் இருக்கட்டும் என்று சிவரஞ்சனி எல்லோருக்கும் கொடுத்திருந்த லினக்ஸ் பென்டிரைவைச் செருகி, அவர் சொன்னபடி ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே திறந்தேன். என்ன மொழி என்று கேட்டது. தமிழ் என்றேன். அது செய்த மரியாதையை நான் என்ன சொல்வது. ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்தது. கடைசியில் 'வட்டை அழித்துவிட்டு நிறுவலாமா?' என்று கேட்டது. மச்சான், வட்டு என்றால் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்கிற தகடு என்பது எனக்கு இப்போது தெரியும். அன்று தெரியாது. தாங்கள் தங்கியிருந்த ஐந்து நாளும் காப்பி டம்ளரை அதன் மூடியின் மேல்தான் வைத்தீர்கள். அதில் வட்டமாக ஒரு கறை விழுந்திருந்தது. அந்த வட்டைத்தான் அழிக்கட்டுமா என்று கேட்கிறது, பரவாயில்லையே, துடைத்துக்கூடக் கொடுக்கிறதே என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொன்னவன், வாழ்க்கையில் முதன்முறையாக மனப்பூர்வமாக 'ஆம்' என்று அழுத்தினேன்.

கறை போகவில்லை. மற்றதெல்லாம் போய்விட்டது.

போனது அப்போது எனக்குத் தெரியாது. திரையில் புதிதாக ஒரு மலைப் படம் வந்ததும், நான் லினக்ஸ்காரன் ஆகிவிட்டேன் என்று சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் தடுமாறக்கூடாது என்று புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதே வேலையை முதலில் இருந்து மறுபடி செய்து பழகினேன். வெள்ளிக்கிழமை கண்ணை மூடிக்கொண்டே செய்யும் அளவுக்கு வந்துவிட்டது. அன்று முனீஸ்வரி எதிரே உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணன் எழுதுன புஸ்தகம் அதுலதான இருந்துச்சு?" என்றாள். எந்தப் புத்தகம் என்றேன். "அதான், கண்டக்டரா இருந்த கதையெல்லாம் எழுதுதேன்னு ஒன்பது வருசமா எழுதுனாங்களே" என்றாள். சொல்லும்போது அவள் கத்தி நிற்கவேயில்லை. அதிர்ச்சியில் கை தன்னால் ஓடுகிறது என்று நினைத்தேன். நான் மட்டும் நின்றுவிட்டேன்.

ஆம், மச்சான். 'உள்ளே போ, உள்ளே போ' என்று தாங்கள் பெயர் வைத்து, ஒன்பது வருடமாக, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதிய அறுநூற்று நாற்பது பக்க வாழ்க்கை வரலாறு. எழுபதாம் வயது நிறைவில் வெளியிடப் போவதாகச் சொந்தபந்தம் அனைவரையும் தாங்கள் எச்சரித்து வைத்திருக்கும் புத்தகம். அதை நான் ஒரு தடவை அல்ல, நான்கு தடவை அழித்தேன்.

சனிக்கிழமை முழுக்க ஓசூருக்கு ஓடிவிடலாமா, ஓசூரைத் தவிர வேறு எங்காவது ஓடிவிடலாமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திற்குக் கொஞ்சம் முன்னதாகப் போய், ஆனந்தவல்லி அம்மாவைப் படிக்கட்டிலேயே பிடித்தேன். "எனக்குத் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர், தெரியாம வட்ட அழிச்சிட்டாரு. திரும்பக் கெடைக்குமா?" என்றேன்.

"கெடைக்கலாம். அழிச்சாலும் எழுத்து உள்ளதான் கெடக்கும். மேல வேற எதையும் எழுதாம இருக்கணும். நண்பர் பொறவு மிசினத் தொறந்தாரா?"

"தொறந்தாரு."

"மறுபடி நிறுவுனாரா?"

"ஒரு மூணு தடவ."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். தபால் நிலையத்தில், பார்சலுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. "அந்த நண்பர்கிட்டச் சொல்லுங்க சார். ஒவ்வொரு தடவ தொறக்கையிலயும் கொஞ்சம் போயிக்கிட்டே இருக்கும். வெக்கப்பட்டுக்கிட்டு நாளக் கடத்துனாருன்னா ஒண்ணும் மிஞ்சாது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அன்று கல்லூரியில் இருந்து புதிதாக இரண்டு பேர் வந்திருந்தார்கள். அதனால் அறிமுகம் மறுபடி முதலில் இருந்து நடந்தது. எட்வின் எட்டு வருடம், பிச்சை முகம்மது ஆறு வருடம், ஆனந்தவல்லி அம்மா பதினொன்று. "அடுத்து நம்ம ஆலோசகர் ஐயா" என்று சிவரஞ்சனி அந்தப் புதியவர்களிடம் என்னைக் கைகாட்டி, "எல்லாத்தையும் அடியில இருந்து தானே கட்டுனவங்க" என்றார். புதியவர்கள் இருவரும் மரியாதைக்கு எழுந்து நின்றுவிட்டார்கள். நானும் எழுந்தேன். தங்கள் முகம் கண்முன் வந்தது. ஒரு சீட்டில் மூன்று பேர் உட்கார வேண்டிய இடத்தில் இரண்டு பேர் கால் விரித்து உட்கார்ந்திருந்தால் தாங்கள் பார்ப்பீர்களே, அந்த முகம்.

"பேரு இருளப்பசாமி. ராஜபாளையம்" என்றேன். "போன வாரம் பதினாலு வருஷம்னு சொன்னேன். அது பொய். லினக்ஸுன்னா மிக்ஸியா இருக்கும்னு நெனச்சுத்தான் வந்தேன். கூடையும் கொண்டாந்தேன். நான் கட்டுனது வீடு. பயன்படுத்த ஆரம்பிச்சு அஞ்சு நாளாச்சு. அந்த அஞ்சு நாளையில எங்க மச்சான் ஒன்பது வருஷமா எழுதுன புஸ்தகத்த அழிச்சுட்டேன். அது எப்படியாவது திரும்பக் கெடைக்கணும். அதுக்கு மேல இந்தப் பக்கம் வர மாட்டேன்."

உட்காருவதா, அப்படியே போய்விடுவதா என்று தெரியாமல் நின்றேன். முதலில் பேசியது பிச்சை முகம்மது. "அண்ணாச்சி, உக்காருங்க. நான் ஆறு வருசம்னு சொன்னேம்லா. மூணுதான். சும்மா ஒரு கெத்துக்குச் சொன்னது" என்றார். எட்வின் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டரில் இன்னமும் பழைய விண்டோஸ்தான், அதை மாற்றினால் வீட்டுக்காரி சாப்பாடு போடமாட்டாள் என்றார். சிவரஞ்சனி சிரித்துக்கொண்டே, வகுப்பில் கட்டளைகளைச் சொல்லும்போது உள்ளங்கையில் எழுதி வைத்துப் பார்த்துத்தான் சொல்வதாக ஒப்புக்கொண்டார். எல்லோரும் ஆனந்தவல்லி அம்மாவைப் பார்த்தோம். "நான் சொன்னது பதினொண்ணு. பதினொண்ணுதான்" என்றவர், "மிசின இங்க கொண்டாங்க" என்று கையை நீட்டினார்.

மூன்று நாள் பிச்சை முகம்மது கடை மாடியில் அந்த அம்மா தங்கள் கம்ப்யூட்டரின் வட்டைத் துழாவினார். கருப்புத் திரையில் எண்கள் ஓடும். நான் எதிரே உட்கார்ந்து எண்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருந்தது. புதன்கிழமை மத்தியானம், "வந்திருச்சு சார், ஆனா" என்றார். ஆனா என்னவென்றால், தாங்கள் ஒவ்வொரு பக்கத்தையும் டிக்கெட் கிழிப்பது போலத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்திருக்கிறீர்கள். அழிந்து மீண்டதில் கோப்புகளின் பெயரெல்லாம் போய்விட்டது. உள்ளே பக்க எண்ணும் கிடையாது. ஐந்நூற்று எழுபத்தோரு பக்கம் கிடைத்தது, வரிசை கிடைக்கவில்லை. தங்கள் வாழ்க்கை சீட்டுக்கட்டைக் குலுக்கியது போல ஆகிவிட்டது. பிச்சை முகம்மது எல்லாவற்றையும் தாளில் எடுத்தார். மாடியில் பாய் விரித்துப் பரப்பினோம். எது முன்னால், எது பின்னால் என்று அடுக்க வேண்டுமானால் படித்தாக வேண்டும். ஆக, மச்சான், தங்கள் அனுமதி இல்லாமல் தங்கள் வாழ்க்கையை ஐந்து பேர் உட்கார்ந்து படித்தோம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தாங்கள் அதில் இருந்து எப்போது வாசித்துக் காட்ட ஆரம்பித்தாலும் எனக்குத் தோட்டத்தில் வேலை வந்துவிடும். கல்யாண வீடுகளில் தாங்கள் அந்தப் பேச்சை எடுத்தால் பந்திக்குப் போகிறவர்கள் எண்ணிக்கை கூடும். ஆனால் எட்வின் வாசித்தபோது நாங்கள் டீயைக்கூட மறந்தோம். பஸ்ஸில் ஏறிய ஆடு டிக்கெட் கட்டைத் தின்றதும், அதற்கு விளக்கம் கேட்டு மேலதிகாரி அனுப்பிய கடிதமும், தாங்கள் எழுதிய பதிலும் வந்தபோது, பிச்சை முகம்மது ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டு மேலே வந்து உட்கார்ந்தார். கீழே வாடிக்கையாளர்கள் கூப்பிட்டால், "செத்த நேரம் இருங்க, ஆட்டுக்குப் பதில் எழுதிக்கிட்டிருக்காரு" என்று கத்தினார்.

இன்னொரு பக்கம். தாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கான்சாபுரம் ரூட்டில். அத்தை, அதாவது தங்கள் தாயார், வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் தங்கள் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்ததும், தாங்கள் முகம் பாராமல் டிக்கெட் கொடுத்து "உள்ள போங்கம்மா" என்று மற்றவர்களை விரட்டுவது போலவே விரட்டியதும், அவர் கான்சாபுரம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்ததும். திரும்பும்போது கையில் இருந்த பழைய டிக்கெட்டைப் பார்த்துத்தான் தாங்கள் முகத்தைப் பார்த்தீர்கள். எட்வின் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மைக் செட்காரர், தொண்டைக்குப் பஞ்சமில்லாதவர், தண்ணீர் வேண்டும் என்றார். முகத்தைப் பார்த்த பிறகு தாங்கள் என்ன சொன்னீர்கள் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் கிடைக்கவில்லை. கிடைக்காத அறுபத்தொன்பதில் அதுவும் ஒன்று. என்னால் போனது. அன்று வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை, மச்சான்.

அடுத்த நாள் எனக்கு வேறு சாப்பாடு காத்திருந்தது. சிவரஞ்சனி ஒரு தாளை எடுத்து, யாரைப் பற்றியது என்று தெரியாமல் உரக்கப் படித்தார். "என் தங்கையை மணந்துகொண்ட மைத்துனர் மில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். கேட்ட பொருளை ஒருநாளும் எடுத்துக் கொடுத்தறியாதவர். அவர் வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டாலும் ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் தருவார். பேச ஆரம்பித்தால் கேட்பவர்தான் இறங்கிப் போக வேண்டும்." அறையில் ஒருவரும் நிமிரவில்லை. சிவரஞ்சனியின் முகம் சிவந்துவிட்டது. "படிம்மா, இன்னும் இருக்குல்ல" என்றேன். அவர் கடைசி வரியைப் படித்தார். "ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த மனிதரிடம்". அதோடு அந்தப் பக்கம் முடிகிறது. அடுத்த பக்கம் இல்லை.

ஐந்நூற்று எழுபத்தோரு பக்கங்களில் ஒரு எழுத்துக்கூடச் சேதமாகாமல் முழுசாகக் கிடைத்தது அந்தத் திட்டு மட்டும்தான். நான்கு தடவை அழித்தும் போகவில்லை. போனது, 'ஆனால்' என்பதற்குப் பிறகு வந்தது. இரண்டு வாரமாக அந்த வாக்கியத்தை நானே முடித்துப் பார்க்கிறேன். இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை. இந்த மனிதரிடம் இனி தண்ணீர் கேட்க மாட்டேன். எதை வைத்தாலும் பொருந்துகிறது.

ஆகவே மச்சான், தங்கள் பாதத்தில் விழுந்து கேட்பது இதுதான். நான் செய்தது மன்னிக்கக்கூடியது அல்ல. இருந்தாலும் ஒருமுறை இங்கே வாருங்கள். விட்டுப்போன அறுபத்தொன்பது பக்கத்தையும் தாங்கள் வாயால் சொல்லுங்கள், நான் ஒற்றை விரலால் தட்டி எழுதுகிறேன். நடுவில் தோட்டத்து வேலைக்குப் போகமாட்டேன். ஆனந்தவல்லி அம்மா வரிசைப்படுத்தியதில் தாங்கள் முதலில் ஓய்வு பெற்று, பிறகு கல்யாணம் செய்து, கடைசியில் பள்ளிக்கூடத்தில் சேருகிறீர்கள். அதையும் நேரில் பார்த்துத் திருத்தித் தர வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு ஒத்தடம் விடாமல் கொடுக்கச் சொல்லவும். மருமகனுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. எழுபதைப் போலவே நூறையும் தாங்கள் எங்களை எச்சரித்துவிட்டே கொண்டாட வேண்டும் என்று அய்யனார் அருளட்டும்.

இங்ஙனம்,
மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
இருளப்பசாமி

பின்குறிப்பு (புதன்கிழமை): இதை எழுதி முடித்து அன்றே உறையை ஒட்டித் தரச் சொல்லி முனீஸ்வரியிடம் கொடுத்தேன். அவள் ஒட்டுவதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் நிதானமாகப் படித்துவிட்டு, "புஸ்தகம் ஆவணியிலயே அச்சுக்குப் போயிருச்சே" என்றாள். முழுப் பக்கமும் மதுரையில் அச்சகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். அப்படியானால் அந்தக் கம்ப்யூட்டர் யாருக்கு என்றேன். "அது ஒங்களுக்கு அண்ணன் வச்சிட்டுப் போனது. நேராக் குடுத்தா ரோசப்பட்டு வாங்க மாட்டீய, தானா எடுத்துப் பாக்கட்டும், நீ ஒண்ணும் சொல்லாதன்னு சொன்னாங்க." "ஏட்டி, இருபது நாளா நான் படுற பாட்டப் பாத்துக்கிட்டே இருந்தியே" என்றேன். "நீங்க வீட்டுல இல்லாத இந்த இருபது நாளுதான் நான் நிம்மதியாச் சமைச்சேன்" என்றாள்.

ஆகவே மேலே நான் கேட்டிருக்கும் மன்னிப்பு அனைத்தையும் வாபஸ் பெறுகிறேன். என் சொந்தக் கம்ப்யூட்டரை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் அழிப்பேன்.

இரண்டாவது, குழுவினரிடம் நேற்று விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். "அப்ப நாம அடுக்குனது?" என்றார் பிச்சை முகம்மது. அச்சடித்து வந்தாலும் பார்க்க மாட்டேன், தன்னுடைய வரிசைதான் சரி என்று ஆனந்தவல்லி அம்மா சொல்லிவிட்டார். பாயைச் சுருட்டவில்லை.

மூன்றாவது. 'இந்த மனிதரிடம்' என்பதற்கு அடுத்த பக்கத்தை முனீஸ்வரி படித்திருக்கிறாளாம். முதலில் சொல்ல வேண்டாம் என்றேன். பிறகு நானே அடுப்படிக்குப் போய்க் கேட்டேன். "இந்த மனிதரிடம் எதைக் கொடுத்து வைத்தாலும் அப்படியே பத்திரமாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களாம்.

கடிதம் கிடைத்ததும் மதுரைக்கு ஒரு போன் போட்டு, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லவும்.